சோம்பலல்ல, சுரப்பி!

(சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஞாயிறு வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஞாயிறு வகுப்பில் வழக்கமாக நாம் கூலியைப் பற்றிப் பேசுவோம். போனஸைப் பற்றிப் பேசுவோம். குளத்து நீரைப் பற்றிப் பேசுவோம். இன்று உடம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். "அண்ணாச்சி எப்போது டாக்டரானார்?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. ஆகவில்லை. நாம் மெட்ரிக் பரீட்சையோடு புத்தகத்தை மூடியவர்கள்தான். ஆனால் படிக்காமல் விட்டதற்கு ஒரு தோழியின் வாழ்க்கையில் அபராதம் விழுந்தது. அதனால் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

பெயர் சொல்லப் போவதில்லை. கரிவலம் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு கிராமத்து விவசாயத் தொழிலாளி. நடவுக் கூலி உயர்த்தச் சொல்லி வரப்பில் நின்று முதலில் வாய் திறந்தவர் அவர்தான். சந்தாப் புத்தகத்தைக் கொடுத்தால் பத்து நாளில் முடித்துக் கொண்டுவந்து வைப்பார். அப்படிப்பட்டவர் ஒரு வருஷத்தில் மாறிப் போனார். கூட்டத்திற்குப் பிந்தி வந்தார். வந்தாலும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். தெரிந்த ஆட்களின் பெயரையே மறந்தார். மேடையில் கணீரென்று ஒலித்த குரல் கரகரத்துப் போயிற்று. சாப்பாடு குறைந்தது; உடம்போ ஊதியது. வீட்டுக்காரர் திட்டினார். நடவுக்கு ஆள் கூட்டிப் போகும் அம்மாள், "இவ நிரையில நின்னா எல்லாருக்கும் வேல கெடுது" என்று ஒதுக்கினார்.

நாம் என்ன செய்தோம்? "தோழியின் செயலூக்கம் குறைந்துவிட்டது. வேலைகளில் அலட்சியம் காணப்படுகிறது" என்று கமிட்டி மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினோம். பொறுப்பிலிருந்து எடுத்தோம். அன்று அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "அண்ணாச்சி, எனக்கு மனசு இருக்கு. காலையில எந்திரிச்சா கையும் காலும் ஈரமண்ணு கட்டுன சாக்கு மாதிரி கெடக்கு. நான் என்ன செய்ய?" இதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டோம். 

ஆடித்தபசுக்கு வந்து கோவிலில் புற்றுமண் வாங்கிப் பூசிக்கொண்டார். அதை நாம் கேலி செய்ய வரவில்லை. நாம் காது கொடுக்காதபோது அவர் வேறு எங்கே போவார்? கடைசியில், பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியைப் பார்க்க வந்த கிராம நர்ஸ் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். கன்னம் உப்பல், புருவத்தின் ஓரம் உதிர்ந்திருக்கிறது, தோல் வறண்டிருக்கிறது. "அக்கா, ரத்தம் எடுத்து தைராய்டு பாருங்க" என்று சொன்னார். பார்த்தார்கள். டி.எஸ்.எச். என்று ஒரு கணக்கு. சாதாரணமாக நாலு, ஐந்துக்குள் நிற்க வேண்டியது, அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. மூன்று, நான்கு மாதத்தில் பழைய குரல் திரும்பிவிட்டது. இன்று இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மினிட்ஸ் புத்தகத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறது. அதை நாம் கிழிக்கவில்லை.

கம்பியும் தமுக்கும்

அப்படியென்றால் அந்தச் சின்ன மாத்திரைக்குள் இருந்தது என்ன?

உடம்புக்குள் செய்தி போக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நரம்பு. அது டெலிபோன் கம்பி போல. முள் குத்தியதும் காலை இழுக்கிறீர்களே, அது கம்பி வழிச் செய்தி. இன்னொரு வழி ரத்தம். அது தமுக்கடித்துத் தண்டோரா போடுவதைப் போல. தமுக்கு எல்லாத் தெருவிலும்தான் போகிறது. ஆனால் "ரேஷன் கார்டு புதுப்பிக்காதவர்கள் வரவும்" என்றால் புதுப்பிக்காதவர்தானே எழுந்து போவார்? அதுபோல, ரத்தத்தில் மிதந்து போகும் செய்தியைக் கேட்கும் காது எந்த உறுப்புக்கு இருக்கிறதோ அந்த உறுப்புத்தான் கீழ்ப்படியும். இந்தத் தண்டோராச் சரக்குக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். அதை உண்டாக்கும் உறுப்புகளுக்கு நாளமில்லாச் சுரப்பிகள் என்று பெயர். எச்சில் சுரப்பிக்கு வாய்க்கால் உண்டு. வியர்வைச் சுரப்பிக்கும் உண்டு. இவற்றுக்கு வாய்க்கால் கிடையாது. சுரப்பதை நேரே ரத்தத்தில் கலந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்து நூற்றிருபது வருஷத்திற்குச் சற்று மேல்தான் ஆகிறது. 1902ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு பேர் ஒரு நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அந்தக் குடலில் கொஞ்சம் அமிலத்தை விட்டார்கள். கம்பியை அறுத்தாகிவிட்டது, இனிச் செய்தி போகாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் தள்ளியிருந்த கணையம் சுரந்தது! குடலின் உள்தோலைச் சுரண்டி அமிலத்தில் அரைத்து ரத்தத்தில் ஏற்றினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. ஆக, குடல் ஏதோ ஒரு சரக்கை ரத்தத்தில் விட்டுக் கணையத்திற்குச் சொல்லியனுப்புகிறது. 1905ல் ஸ்டார்லிங் இப்படிப்பட்ட சரக்குகளுக்கு ஹார்மோன் என்று பெயர் வைத்தார். "கிளப்பி விடு" என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. கிளர்ச்சிக்காரர்களான நமக்குப் பிடித்த பெயர்தான்.

நம் தோழிக்குக் கெட்டது தைராய்டு. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒட்டியிருக்கும். எடை சுமார் இருபது கிராம். அது சுரக்கும் தைராக்ஸின்தான் உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. குறைந்தால் அடுப்பு அணைந்ததுபோல: சோர்வு, குளிர், மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிலக்குக் குளறுபடி, மறதி. அதிகமானால் அடுப்பு கொழுந்துவிட்டு எரிவதுபோல: படபடப்பு, கை நடுக்கம், எவ்வளவு தின்றாலும் மெலிவு.

இதற்கு மேலே மூளையின் அடியில் ஒரு பட்டாணி அளவில் பிட்யூட்டரி இருக்கிறது. குளத்து நீர்பாய்ச்சி மாதிரி. வயல் காய்ந்தால் மடையைத் திறப்பார்; நிறைந்தால் அடைப்பார். ரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி, "சுர, சுர" என்று தைராய்டை நெருக்கும். தோழிக்கு அறுபதைத் தாண்டியது என்றோமே, அது இந்த நெருக்கடிக் குரல்தான். சுரக்க முடியாத சுரப்பியை நோக்கி மேலிருந்து கத்திக்கொண்டிருந்த குரல். நம் கமிட்டியும் அதையேதான் செய்தது!

பழைய புத்தகங்களில் பிட்யூட்டரியைத் தலைமைச் சுரப்பி என்று போட்டிருக்கும். அது முழு உண்மையல்ல. அதற்கு மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் உத்தரவு போடுகிறது. கீழேயிருந்து வரும் தகவலைக் கேட்டுத்தான் இரண்டும் நடக்கின்றன. கீழே கேட்காத தலைமை உடம்பில் ஒரு நாள்கூட ஓடாது.

1891ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டரிடம் இதே நோயோடு 46 வயதுப் பெண் ஒருவர் வந்தார். செம்மறியாட்டின் தைராய்டைப் பிழிந்தெடுத்த சாறை மர்ரே ஊசியில் ஏற்றினார். பிறகு வாய் வழியாகக் கொடுத்தார். அந்தப் பெண் அதன்பின் 28 வருஷம் வாழ்ந்தார். அவருக்காக 870 ஆடுகளுக்கு மேல் சுரப்பி கொடுத்தன என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இன்று ஆடு வேண்டாம். தொழிற்சாலையில் செய்த மாத்திரை, அதிக விலையில்லாமல் கிடைக்கிறது. 2013ல் வெளியான ஓர் ஆய்வு சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. வயது வந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒருவருக்குத் தைராக்ஸின் குறைவு. பெண்களுக்கே அதிகம். பத்துக்கு ஒருவர் என்றால் இந்த அறையில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கடலோரத்து உப்பில் இல்லாத சத்து

தைராக்ஸின் செய்ய அயோடின் என்ற பொருள் வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஆயுள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டி. ஆனால் அந்தத் தேக்கரண்டி இல்லையென்றால் மடை திறந்து பயனில்லை. ஆற்றிலேயே தண்ணீர் இல்லை என்று பொருள். பிட்யூட்டரி நெருக்க நெருக்கத் தைராய்டு வீங்கும். அதுதான் கழுத்துக் கழலை. கர்ப்பிணிக்குக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி கெடும். அந்தச் சேதத்தைப் பிறகு எந்த மாத்திரையாலும் முழுக்கச் சரிக்கட்ட முடியாது.

மழையும் வெள்ளமும் மண்ணிலிருக்கும் அயோடினை அரித்துக் கடலில் சேர்க்கின்றன. அதனால் இமயமலை அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக கழலை இருந்தது. சாபம் என்றார்கள், தண்ணீர் தோஷம் என்றார்கள். 1956ல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் இமாசலத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சுமார் ஒரு லட்சம் ஜனங்கள். பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. தொடங்கும்போது மூன்றிலும் நூற்றுக்குச் சுமார் 38 பேருக்குக் கழலை. ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால் அயோடின் உப்புத் தின்ற இரண்டு பகுதியிலும் அது பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. சாதா உப்புப் பகுதியில் அப்படியே நின்றது. பிறகு அந்தப் பகுதிக்கும் நல்ல உப்பே கொடுக்கப்பட்டது. 1968ல் முதல் இரண்டு பகுதிகளில் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி கட்டவில்லை, ஆபரேஷன் செய்யவில்லை. உப்பை மாற்றினார்கள்!

இதைப் பார்த்துத்தான் 1962ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்கக் கூடாது என்று 1997ல் மத்திய சர்க்கார் தடை போட்டது. 2000ல் தடையை எடுத்தது. 2006ல் திரும்பப் போட்டது. ஒரு சிட்டிகை உப்புக்கு இத்தனை தடவை மனம் மாறினார்கள்.

"அதெல்லாம் மலைநாட்டுக் கதை. நமக்குத் தூத்துக்குடி பக்கத்தில் இருக்கிறதே, கடல் உப்பில் அயோடின் இருக்குமே?" என்று கேட்பீர்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். இது தவறு. கடல் தண்ணீரில் அயோடின் கொஞ்சம் இருப்பது வாஸ்தவம். ஆனால் பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அதில் நிற்பது அற்பம். உப்பளத்தில் வெயிலில் கால் வெடிக்க உப்பு வாருகிற தொழிலாளியின் வீட்டு உப்பிலும் சேர்த்தால்தான் அயோடின், சேர்க்காவிட்டால் இல்லை. 2018-19ல் எடுத்த அகில இந்தியக் கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகிக்கும் வீடுகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 76. தமிழ்நாட்டில் சுமார் 62. எல்லா ராஜ்யங்களிலும் நாம்தான் கடைசி! தேசத்துக்கே உப்பு அனுப்புகிற கரையில் குடியிருக்கிறோம். நம் அடுப்படியில் குறைவு. காரணம் தெருவில் வரும் கல் உப்பு வண்டிதான். ருசியாக இருக்கிறது, சல்லிசாக இருக்கிறது, பழகிவிட்டது.

கணக்குப் பார்ப்போம்.  சட்டப்படி உப்பு உங்கள் கைக்கு வரும்போது அதில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு அயோடினாவது நிற்க வேண்டும். அப்படியென்றால் ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். நாளைக்குப் பத்து கிராம் உப்புத் தின்றால் 150. கணக்கு நேராகிறது. ஆனால் உப்பை அடுப்பு மேடையில் திறந்த சட்டியில், ஈரம் படும்படி வைத்தால் அயோடின் போய்விடும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். முடிந்தவரை குழம்பை இறக்கும் சமயத்தில் உப்புப் போடுங்கள். அதிகம் தின்னச் சொல்லவில்லை. ரத்தக் கொதிப்புக்காரர்கள் குறைத்தே தின்ன வேண்டும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் தோழியின் நோய்க்குக் காரணம் உப்பு அல்ல என்று டாக்டர் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய படையே திரும்பித் தைராய்டைத் தாக்கும் ஒரு வகை உண்டு. 1912ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் எழுதியது. இன்று பெரியவர்களுக்கு வருவதில் அதுவே அதிகம். ஆகவே பாக்கெட் உப்பு வாங்குகிறோமே என்று ரத்தம் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

குலுக்கையும் பூட்டிய கேட்டும்

சர்க்கரை வியாதியைப் பற்றி நீங்களே நமக்குப் பாடம் எடுப்பீர்கள். வீட்டுக்கு வீடு இருக்கிறது. 2023ல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல். முன்பு பணக்காரர் வியாதி என்றார்கள். இன்று தறிக்குழியிலும் வரப்பிலும் அதுதான்.

வயிற்றுக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அதில் தீவு தீவாகச் சில கூட்டங்கள் இன்சுலின் சுரக்கின்றன. நாம் தின்னும் சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் வரும். தசைக்குள் அது நுழைய இன்சுலின் கேட்டைத் திறக்க வேண்டும். மிச்சத்தைக் கல்லீரல் என்ற குலுக்கையில் கொட்டி வைக்கும். இரவில் பசிக்கும்போது குளுக்கோகன் என்ற இன்னொரு ஹார்மோன் குலுக்கையைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக அளந்து கொடுக்கும். ஒன்று சேர்க்கும், ஒன்று எடுக்கும். இன்சுலின் இல்லாவிட்டாலும், இருந்தும் கேட்டின் பூட்டு துருப்பிடித்துவிட்டாலும், சர்க்கரை தெருவிலேயே நிற்கும். கேட்டுக்கு வெளியே மூட்டை மூட்டையாக நெல், உள்ளே பட்டினி. அதனால்தான் சர்க்கரை கூடியவருக்குச் சோர்வும் பசியும் தாகமும்.

1921ல் கனடாவில் டொரண்டோ நகரத்தில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாயின் கணையத்திலிருந்து இதைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஊசி போட்டார்கள். முதல் மருந்து சுத்தமில்லாததால் பலிக்கவில்லை. காலிப் என்பவர் சுத்தப்படுத்தினார். இரண்டாம் தடவை பையன் பிழைத்தான். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு மரணம் நிச்சயம். இந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமையை அவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு டாலர்! 1965ல் சீன விஞ்ஞானிகள் மாட்டு இன்சுலினை ஆய்வுக்கூடத்திலேயே முழுக்கச் செய்து காட்டினார்கள். 1982 முதல் பாக்டீரியாக் கிருமியைக் கொண்டு மனித இன்சுலினே செய்து விற்கிறார்கள். நூறு வருஷம் கழித்து இன்று உலக இன்சுலின் வியாபாரத்தில் மிகப் பெரும்பங்கு மூன்று கம்பெனிகள் கையில். ஒரு டாலர் சமாசாரம் எங்கே போயிற்று என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நம் ஊரில் இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்க வேண்டும். வரவில்லையென்றால் "வரவில்லை" என்று எழுதிக் கொடுங்கள், நாம் கேட்போம். இலவச மருந்து என்றால் மட்டமான மருந்து என்று நினைத்து நிறுத்துவது மகா தவறு.

ராத்திரித் தறி

விசைத்தறித் தோழர்களுக்கு இது முக்கியம். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இருட்டியதும் மூளையின் நடுவில் பினியல் என்ற சுரப்பி மெலட்டோனினைச் சுரந்து, "தூங்கு" என்று தமுக்கடிக்கும். விடியும் நேரத்தில் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல், கார்ட்டிசாலைக் கூட்டி எழுப்பிவிடும். ராத்திரி ஷிப்டில் டியூப் லைட்டுக்குக் கீழே நிற்கிறீர்கள். ஒரு தமுக்கு தூங்கு என்கிறது, வெளிச்சம் அதை அமுக்குகிறது. பகலில் வீட்டில் வெக்கையும் சத்தமும். இப்படி வருஷக்கணக்கில் ஓடினால் சர்க்கரை, கொதிப்பு, இதய நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007லும், மறுபடி 2019லும், ராத்திரி ஷிப்டைப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்ற பட்டியலில் வைத்தது. பூ மார்க்கெட்டுக்காக விடியுமுன் டார்ச் லைட்டோடு மல்லிகை எடுக்கும் பெண்களுக்கும் தூக்கம் கெடுகிறது.

ஆகவே ராத்திரிப் படி, ஷிப்டு மாற்றம், வார லீவு என்று கேட்கும்போது சலுகை கேட்பதாக முதலாளி சொன்னால், அவருக்குப் பினியல் சுரப்பியைப் பற்றிச் சொல்லுங்கள். தொடர்ந்து பல வாரம் ராத்திரி ஷிப்டு போடாமல் சுற்றில் வரும்படி கேட்பதும், ராத்திரி நின்றவருக்குச் சர்க்கரை, கொதிப்புப் பரிசோதனை கேட்பதும் நியாயமான கோரிக்கைகள். நம் ஒப்பந்தப் பேச்சு வார்த்தைகளில் இதுவரை நாம் இதை வைத்ததில்லை. அதுவும் நம் குறைதான்.

செட் மாத்திரை

இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. உடம்பு வலி என்று கடைக்குப் போய், "ஒரு செட் கொடுங்க" என்று கேட்கிறீர்களே, கடைக்காரர் நாலு கலர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறாரே, அதில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு. சில ஊசி போடுகிறவர்களிடமும் அதுதான் சரக்கு. அது கார்ட்டிசாலின் தம்பி. ஒரே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், களை வெட்டலாம். ஆளைக் கும்பிடத் தோன்றும். மாதக்கணக்கில் தின்றால் என்ன ஆகும்? முகம் நிலா மாதிரி உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், புண் ஆறாது. அதைவிட மோசம் ஒன்று. வெளியிலிருந்து வருகிறதே என்று அட்ரினல் வேலையை நிறுத்திவிடும். அப்போது மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தம் விழுதல், உயிருக்கே ஆபத்து. ஆகவே நீண்ட நாளாகத் தின்று கொண்டிருப்பவர் இன்றைக்கே எறிந்துவிடாதீர்கள். காகிதத்தோடு, மாத்திரையோடு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு விஷயம். ஆஸ்துமாக்காரருக்கு அது உயிர் மருந்து.

கேள்விகள்

பேச்சுக்குப் பின் கேட்ட கேள்விகள் சில.

ஒரு தாய் கேட்டார்: "கைப்புள்ளைய வீட்டுல விட்டுட்டுக் களையெடுக்கப் போறேன். எங்கயோ ஒரு புள்ள அழுதா எனக்குச் சேலை நனைஞ்சிருது. இது என்ன?" அது பிட்யூட்டரியிலிருந்து வரும் ஆக்ஸிடோஸின். பிள்ளையின் அழுகை காதில் விழுந்ததும் மூளை அதை அவிழ்த்துவிடும், பால் இறங்கும். யார் பிள்ளை என்று அது பார்ப்பதில்லை. வேலைத்தலத்தில் தொட்டில் கட்ட இடமும் பால் கொடுக்க நேரமும் கேட்கிறோமே, அதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கறவைக்கு முன் எருமைக்குக் கள்ளத்தனமாகப் போடும் ஊசியும் இதே சரக்குத்தான். அது சட்டப்படி குற்றம்.

ஒரு தறித் தோழர் கேட்டார்: "தைராய்டு மாத்திரை தின்ன ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் தின்னணுமாமே, அடிமையாயிருவோமா?" பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கத்தான். ஆனால் அது பழக்கமல்ல. உடம்பு தானே செய்ய வேண்டியதைச் செய்ய முடியாதபோது வெளியிலிருந்து ஈடு கட்டுகிறோம். காலையில் எழுந்ததும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரைமணி கழித்து டீ குடியுங்கள். கர்ப்பம் தரித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்போது அளவு மாறும்.

கடைசியில் ஒரு பெரியவர்: "அப்போ உப்பு வண்டிக்காரன விரட்டிரணுமா? அவனும் நம்மள மாதிரி ஒரு கூலிதானப்பா." விரட்டக் கூடாது. அவர் கொடுத்ததை விற்கிறார். அயோடின் சேர்க்க வேண்டிய இடம் உப்பளமும் ஆலையும். ஒரு ஆளுக்கு வருஷம் முழுவதற்கும் ஆகும் செலவு சில ரூபாய்தான். சிறிய உப்பளக்காரர்களுக்கு அதற்கான மெஷினும் மருந்தும் சர்க்கார் கொடுத்தால் வண்டியிலும் நல்ல உப்பு வரும். கல் உப்பிலும் அயோடின் சேர்க்கலாம், சேர்க்கிறார்கள். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அயோடின் உப்பு, ராமநாதபுரம் ஜில்லா வாலிநோக்கத்தில் செய்தது, ரேஷன் கடைக்கு வருகிறது. அதை வாங்குங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு வரும்போது ஆளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைக் காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். மேலே "வண்டி", "பாக்கெட்", "ரேஷன்" என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். உப்புப் பார்க்கும் குப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அந்த மருந்தில் ஒரு சொட்டு விட்டால் அயோடின் உள்ள உப்பு ஊதா நிறமாகும், இல்லாதது வெள்ளையாகவே கிடக்கும். எத்தனை பொட்டலம் ஊதா, எத்தனை வெள்ளை என்று கரும்பலகையில் எழுதி, அந்தக் கணக்கோடு தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு கொடுப்போம். மனுவை எழுதும் பொறுப்பு நம் தோழிக்கு.